ஆறரைக் கட்டை

எனக்குச் சந்தேகம் கூடப் பிறந்தது. பால் பாக்கெட்டை வாங்கினால் தேதியைப் பார்ப்பேன். தேதி சரியாக இருந்தால், அச்சடித்தவன் ஒழுங்காக அடித்திருப்பானா என்று யோசிப்பேன். வீட்டைப் பூட்டிவிட்டு செம்பாக்கம் ஏரி முனை வரை போய், பூட்டை இழுத்துப் பார்த்தோமா என்று திரும்பி வந்த நாட்கள் உண்டு. தம்புராவுக்குப் பதிலாக மொபைலில் ஓடும் சுருதிப் பெட்டியை நம்பாமல், அதைச் சரிபார்க்க இன்னொன்றை இறக்கி வைத்திருந்தேன். "அந்த ரெண்டாவது சரின்னு உனக்கு யாரு சொன்னா?" என்று வீட்டுக்காரர் ஒருநாள் கேட்டார். கிண்டலாகத்தான் கேட்டார். அன்றிலிருந்து மூன்று வைத்திருக்கிறேன்.

நான் வயலின் வாசிக்கிறவள். காலையில் வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பேன். கல்யாணக் கச்சேரி, பக்திப் பாட்டு ஆல்பம், யார் கூப்பிட்டாலும் போய் வாசிப்பேன். மிச்ச நேரமெல்லாம் பழைய இசைத்தட்டுகளுக்கு. மைக் வருவதற்கு முன்னால், பெரிய குழல் ஒன்றுக்கு முன்னே நின்று தொண்டை கிழியப் பாடிப் பதிந்தார்களே, அந்தக் காலத்துத் தட்டுகள். அவற்றில் உள்ளதைக் கேட்டு, ஸ்வரம் எழுதி, ஒத்திகை பார்த்து, அதே மெட்டில், அதே நடையில், அதே சுருதியில் மறுபடி பாடிப் பதிவு செய்ய வேண்டும் என்பது என் ஆசை. நான்கு பாட்டுகள் போதும் என்று ஆரம்பித்தோம். நான், மிருதங்கத்துக்கு ஒரு தம்பி, பாடுவதற்கு அக்கா.

தம்பி என்றால் நாற்பது வயதுத் தம்பி. மறைமலை நகரில் கார் உதிரி பாகங்கள் செய்யும் கம்பெனியில் ஷிப்ட் வேலை. ஷிப்ட் இல்லாத நேரத்தில் மிருதங்கம். அக்கா தாம்பரம் மேற்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சர்ச் பாடகர் குழுவில் சின்ன வயதிலிருந்தே பாடியவர், கர்நாடக சங்கீதமும் முறையாகக் கற்றவர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். அந்தப் பழைய தட்டுகளில் உள்ள அலட்டலும் அழுத்தமும் இன்றைக்கு ஒரு தொண்டையில் வருகிறது என்றால் அது அக்காவின் தொண்டைதான். நான் பத்துப் பேரைப் பாடவிட்டுக் கேட்டவள், அதனால் சொல்கிறேன். அவர் இல்லையென்றால் பதிவு இல்லை. அவர் கைநழுவிப் போய்விடுவாரோ என்கிற பயம் முதல் நாளிலிருந்தே எனக்கு இருந்தது.

நான்கு பாட்டில் மூன்று எளிதாக வந்துவிட்டன. நான்காவதுதான் இந்தக் கதை. காதலனிடம் தூது அனுப்பிய தோழி நேரம் கழித்துத் திரும்பி வருகிறாள். அவள் பொட்டு கலைந்திருக்கிறது, மூச்சு வாங்குகிறது. அனுப்பியவளுக்குச் சந்தேகம். எங்கே போனாய், யாரோடு இருந்தாய் என்று பாட்டு முழுக்கக் குடைகிறாள். "உனக்குன்னே எழுதின பாட்டு" என்று அக்கா சொன்னார்.

அந்தத் தட்டு பம்மலில் ஒரு பாய் வீட்டில் இருந்தது. தோல் வியாபாரம் செய்த குடும்பம். இப்போது மகன்கள் வீட்டுப் பின்பக்கத்திலேயே ஷூவுக்குத் தோல் தைக்கிற பட்டறை நடத்துகிறார்கள். பாய் முன்னறையில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரைக் கவனித்துக்கொள்கிறார். அவருடைய அப்பா, அவர் வாயில் அத்தா, சேர்த்து வைத்த தட்டுகள் ஒரு மரப்பெட்டி நிறைய இருந்தன. ஒன்றுகூட வாசல் தாண்டாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

"குடுத்தது எதுவும் திரும்பி வந்ததில்ல மா. சைக்கிள் பம்ப்பே வரல."

அதனால் தட்டு ஓட்டுகிற என் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் நானே போனேன். "இன்னா மா இது, மிக்ஸி மாதிரி கீது" என்று பாய் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஆரம்பிப்பதற்கு முன் என் கண் எதிரேயே தட்டுகளை எண்ணினார். முடிந்ததும் மறுபடி எண்ணினார். எனக்குக் கோபம் வரவில்லை. நானாக இருந்தால் இரண்டு தடவை எண்ணியிருப்பேன். என் பங்குக்கு, நல்ல தட்டுகளை இவர் கட்டிலுக்கு அடியில் மறைத்து வைத்திருப்பாரோ என்று, பேனா கீழே விழுந்த சாக்கில் குனிந்து ஒரு பார்வை பார்த்தேன். பழைய செருப்பு அட்டைப்பெட்டிகள்தான் இருந்தன. ஒருவரையொருவர் நன்றாகப் புரிந்துகொண்டோம் என்றே தோன்றியது.

இவ்வளவு சிரமம் எதற்கு என்றால், இணையத்தில் கிடைக்கிற பழைய பாட்டுகளை நான் தொடுவதில்லை. யாரோ, எந்த மெஷினிலோ, எந்த வேகத்திலோ ஓட்டியவை. வேகம் கூடினால் சுருதியும் கூடும், குறைந்தால் குறையும். ஊரார் காதை நம்பி நான் ஆராய்ச்சி செய்வதா? என் மெஷின், என் ஊசி, என் கம்ப்யூட்டர். நிமிடத்துக்கு எழுபத்தெட்டு சுற்று என்று போட்டிருந்த பொத்தானை அழுத்தி ஓட்டினேன்.

தட்டில் பாடியிருந்த அம்மாளின் குரல் ஆறரைக் கட்டையில் வந்தது. ஹார்மோனியக் கட்டைகளை எண்ணிச் சொல்கிற சுருதிக் கணக்கு இது. இப்போது பெண்கள் ஐந்து, ஐந்தரையில் பாடுவார்கள். ஆறு என்றாலே தெம்பு வேண்டும். ஆறரையில் இந்தப் பாட்டு மேல் பஞ்சமம் வரை ஏறுகிறது. எனக்குப் புல்லரித்துவிட்டது. மைக் இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்கப் பாடிய தொண்டை, அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து என் ஹார்மோனியத்தில் வைத்துப் பார்த்தேன். ஆறரைக் கறுப்புக் கட்டையோடு இம்மி பிசகாமல் ஒட்டியது. இதைவிட சாட்சி என்ன வேண்டும்?

அந்தக் காலத்துத் தட்டுகளில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டு முடிந்ததும் பாடியவரே தன் பெயரையும் ஊரையும் ஒரு வரியில் சொல்வார். இந்தத் தட்டிலும் அது இருந்தது. பாய் வீட்டில் பட்டறைத் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்ததால், அதற்கு மேல் கேட்கப் பொறுமையில்லாமல் பாட்டு முடிந்த உடனே ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். வீட்டில் கம்ப்யூட்டரில் பார்த்தபோது பாட்டுக்குப் பின்னால் ஒரு குட்டி அலை தெரிந்தது. பேச்சு. பெயர்தான் தட்டின் நடுவில் ஒட்டிய காகிதத்திலேயே இருக்கிறதே, ஒத்திகைக்கு அது எதற்கு என்று கத்தரித்துவிட்டேன். கேட்காமலேயே கத்தரித்தேன்.

அக்காவுக்கும் தம்பிக்கும் அனுப்பினேன். பாய்க்கு ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். ஒத்திகை என் வீட்டு ஹாலில், சனிக்கிழமை தோறும்.

இரண்டாவது சனிக்கிழமையே அக்கா கேட்டார். "இத அஞ்சரைல வச்சுக்கலாமா? பாட்டு அதே பாட்டுதானே."

"அவங்க ஆறரைல பாடியிருக்காங்க அக்கா. நாம எறக்கினா அது ஆராய்ச்சி இல்ல, சௌகரியம்."

அந்தப் பதில் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. தம்பியிடம் தனியாக இன்னொரு தடவை சொல்லிக்கூடப் பார்த்தேன். அக்கா தண்ணீர் குடித்துவிட்டு ஆறரையில் பாடினார். பிருகாக்கள், அந்தக் குரல் உருட்டல்கள், தட்டில் கொட்டுகிற வேகத்தில் வரவில்லை. "அந்தக் காலத்து வேகம் நம்ம தொண்டைக்கு வராதோ என்னவோ" என்றேன். குத்திக் காட்டத்தான் சொன்னேன். அடுத்த வாரம் அந்த வேகமும் வந்தது.

அதற்கப்புறம்தான் ஒவ்வொன்றாக என் கண்ணில் பட ஆரம்பித்தது. ஒரு சனிக்கிழமை விடைத்தாள் திருத்த வேண்டும் என்று அக்கா வரவில்லை. இன்னொரு சனிக்கிழமை நாத்தனார் வீட்டில் விசேஷம். அவருடைய நாத்தனார் துபாயில் இருப்பது எனக்குத் தெரியும். போன் செய்தால் எடுப்பதில்லை. எடுக்காமலேயே, "சொல்லு, மெசேஜ் போடு" என்று எழுதி அனுப்புவார். பேசுவதற்கு என்ன? பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா? சர்ச் குழுவில் பாடும் ஒரு அம்மாவைக் காய்கறிக் கடையில் பார்த்து, பேச்சுவாக்கில் விசாரித்தேன். அக்கா குழுவுக்கு வந்தே இரண்டு மாதம் ஆகிறது என்றார். என்னிடம் மட்டும் சர்ச்சில் ஒத்திகை என்று ஒரு சனிக்கிழமையைக் கழித்திருந்தார்.

ஒரு ஒத்திகையில் அக்கா கைக்குட்டை எடுக்கப் பையைத் திறந்தார். உள்ளே தலையில் மாட்டுகிற சின்ன மைக். இடுப்பில் கட்டிக்கொள்ளும் ஸ்பீக்கர் பெட்டி. எங்கள் ஒத்திகைக்கு மைக் கிடையாது. அப்படியானால் எங்கேயோ மேடையில் பாடிக்கொண்டிருக்கிறார். என்ன பாடுகிறார்? யாருக்காக? மாதக்கணக்கில் நான் எழுதிக் கொடுத்த ஸ்வரத்தாள்கள் அந்தப் பையிலேயே மடிந்து கிடந்தன.

தம்பியிடம் சொன்னேன். "இருக்காதுக்கா, அவங்க அப்படிப்பட்டவங்க இல்ல" என்றார். அப்படிப்பட்டவர்கள் யாரும் அப்படிப்பட்டவர்கள் மாதிரி இருப்பதில்லை என்றேன். அவர் மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலில் அப்புவதற்கு மாவு பிசைகிற வேலையில் மும்முரமானார். ஒருவேளை இவருக்கும் தெரியுமோ என்று அதையும் குறித்து வைத்துக்கொண்டேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு வெளிச்சத்திலேயே பேய் தெரிந்தது.

அடுத்த புதன்கிழமை சாயங்காலம் குரோம்பேட்டையில் வயலினுக்கு நரம்பு வாங்கப் போயிருந்தேன். எதிர்ப்பக்கம் ஒரு மூன்று மாடிக் கட்டடம். கீழே மொபைல் கடை. பக்கவாட்டுப் படியில் அக்கா ஏறிக்கொண்டிருந்தார், பள்ளிக்கூடப் புடவையோடு. நிமிர்ந்து பார்த்தேன். இரண்டாவது மாடி ஜன்னலை அடைத்து ஒரு போர்டு, ரெக்கார்டிங் ஸ்டுடியோ என்று ஆள் உயர எழுத்தில். எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. டீக்கடை ஓரமாக நின்றேன். வேண்டாத டீ ஒன்றை வாங்கிக் குடித்தேன். முக்கால் மணி நேரம் கழித்து அக்கா இறங்கி வந்தார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பஸ் ஸ்டாப் பக்கம் போனார். முகத்தை மறைத்துக்கொண்டு போவதாகத்தான் எனக்குப் பட்டது. மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்.

வீடு வரை புலம்பிக்கொண்டே வந்தேன். அழுகை வந்தது என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அந்த மனுஷியின் குரலை நம்பித்தானே ஒரு வருஷத்தைச் செலவழித்தேன்.

சனிக்கிழமை தம்பிக்கு ஷிப்ட். நாங்கள் இருவர்தான். நான் வில்லுக்கு ரோசின் தேய்த்தபடியே, "குரோம்பேட்டைல வேலையெல்லாம் முடிஞ்சுதா அக்கா?" என்றேன்.

அக்காவின் முகம் மாறியது. "யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. படி ஏறும்போது பாத்தேன்."

தாழ்ந்த குரலில், "நீ நெனைக்கிற மாதிரி இல்லம்மா. ரெக்கார்டிங் முடியட்டும், சொல்றேன்" என்றார்.

நான் நினைத்தது எது என்று நான் சொல்லவே இல்லை. அவர் எப்படிக் கண்டுபிடித்தார்? அதுவே எனக்கு ஒப்புக்கொண்ட மாதிரி இருந்தது. ரெக்கார்டிங் என்று அவர் சொன்னதும் குரோம்பேட்டையில் நடப்பதைத்தான் என்று எடுத்துக்கொண்டேன். "சரி, அதுக்கு முன்னாடி நாம முடிச்சிரலாம்" என்று அன்றைக்கே சேலையூர் ஸ்டுடியோவில் தேதி வாங்கினேன். இரண்டு வாரத்தில் பதிவு. வேறு யாராவது முந்திக்கொள்ளும் முன் என் பாட்டு வெளியே வர வேண்டும்.

சேலையூர் ஸ்டுடியோ ஒரு வீட்டின் மாடி. பக்கத்து விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானங்கள் தலைக்கு மேல் போகும்போது எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். மற்ற மூன்று பாட்டுகளும் காலையிலேயே முடிந்தன. நான்காவதை முதல் தடவை எடுத்தபோது நடுவில் விமானம் வந்தது. இரண்டாவது தடவை தம்பி ஒரு இடத்தில் தவறினார். மூன்றாவது தடவை அக்கா சரணத்தில் மேல் பஞ்சமத்துக்கு ஏறினார். ஸ்வரம் வரவில்லை. காற்று மட்டும் வந்தது. மறுபடி முயன்றார். துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம்.

பதிவு செய்கிறவர் ஹெட்போனைக் கழற்றி என்னைப் பார்த்தார். "பத்து நிமிஷம் பிரேக் எடுத்துக்கலாமா மேடம்?"

அக்கா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். தம்பி பின்னாலேயே ஓடினார். நான் நகரவில்லை. நடிப்பு என்று நினைத்தேன். நன்றாகப் பாடுவதை அங்கே கொடுத்துவிட்டு எனக்குக் கிழிசலைக் கொடுக்கிறார் என்று நினைத்தேன். எழுதுவதற்கே கூசுகிறது, ஆனால் அதுதான் நினைத்தேன்.

மறுநாள் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பம்மல் பாய் போன் செய்தார்.

"டீச்சரம்மா, பென் டிரைவ் இப்பதான் போட்டுக் கேட்டேன். பாட்டு கீது. கடசில அந்தம்மா பேசும் பாருங்க, அத்தக் காணோமே."

"அது தேவையில்லன்னு எடுத்துட்டேன் பாய்."

"தேவையில்லையா? அது வந்தாத்தான் பாட்டு முடிஞ்ச மாதிரி இருக்கும். எங்க அத்தா அந்தப் பேச்சுக்கு பதில் சலாம் வெச்சிட்டுதான் எந்திரிப்பாரு. இன்னும் ஒண்ணு மா. கோச்சுக்காதீங்க, பாட்டே கொஞ்சம் ஓடுது."

"ஓடுதுன்னா?"

"சின்னப் பொண்ணு பாடற மாதிரி கீது."

நான் மாதக்கணக்கில் உழைத்ததற்குக் குறை சொல்கிறார், ஒரு துண்டை நான் அமுக்கிக்கொண்டதாக வேறு நினைக்கிறார் என்று எரிச்சல். அந்தத் துண்டை முகத்தில் விட்டெறிகிற மாதிரி அனுப்பிவிடலாம் என்று, கை கழுவிவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். கத்தரிக்காத பதிவைத் தேடி எடுத்தேன். கடைசியில் இருந்த குட்டி அலையை முதல்முறையாக ஓடவிட்டேன்.

ஒரு குழந்தை பேசியது. கீச்சுக் குரலில், மூச்சுவிடாமல், தன் பெயரையும் ஊரையும் கடகடவென்று சொல்லிவிட்டு நின்றது.

தட்டில் ஒட்டியிருந்த காகிதத்தைப் போட்டோ எடுத்து வைத்திருந்தேன். அதில் பெயருக்கு முன்னால் ஸ்ரீமதி என்று இருந்தது. பாடுகிறபோது எந்தக் குரலும் எப்படியும் இருக்கலாம். பேசுகிறபோது மனுஷர்கள் மனுஷர்கள் மாதிரிதான் பேசுவார்கள். வேகத்தைக் கொஞ்சம் குறைத்தேன். குழந்தை வளர்ந்து பள்ளிக்கூடப் பெண் ஆனாள். இன்னும் குறைத்தேன். பத்தில் ஒரு பங்கு குறைத்ததும், முப்பது வயதுப் பெண் ஒருத்தி நிதானமாக, கொஞ்சம் பெருமையோடு, தன் பெயர் இன்னது என்று சொன்னாள்.

அதே வேகத்தில் பாட்டைப் போட்டேன். ஐந்தரைக் கட்டை.

எழுபத்தெட்டு என்பது பிற்பாடு வந்த ஒழுங்கு. அந்தக் காலத்தில் ஒவ்வொருவர் ஒவ்வொரு வேகத்தில் பதிந்தார்கள். இது எனக்குத் தெரியாததல்ல. ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். ஆறரையிலிருந்து ஐந்தரைக்கு ஹார்மோனியத்தில் வெள்ளையும் கறுப்பும் சேர்த்து எண்ணினால் சரியாக இரண்டு கட்டை தள்ளி. அதனால்தான் தப்பான வேகத்திலும் அது ஒரு கட்டையில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. அதைத்தான் சாட்சி என்று நம்பினேன். பிருகாவின் அசுர வேகம் என்று நான் வியந்தது என் மெஷினின் வேகம். அந்த அம்மாள் சாவகாசமாகத்தான் பாடியிருந்தாள். அக்கா இரண்டாவது சனிக்கிழமை என்ன கேட்டாரோ, அதே சுருதியில்.

கம்ப்யூட்டரைப் பையில் போட்டுக்கொண்டு தாம்பரம் மேற்குக்குப் போனேன். அக்காதான் கதவைத் திறந்தார். உள்ளே வரச் சொல்லிக் கையைக் காட்டினார். உதட்டில் விரலை வைத்தார். பிறகு மேஜையில் இருந்த ரஃப் நோட்டை இழுத்து, கணக்கு டீச்சருடைய சதுரமான கையெழுத்தில் எழுதினார்: பேசக்கூடாது. டாக்டர் சொல்லியிருக்கிறார். மூன்று வாரம்.

"எந்த டாக்டர்?" என்றேன்.

குரோம்பேட்டை, முதல் மாடி, தொண்டை டாக்டர் என்று எழுதினார்.

அந்தக் கட்டடத்தில் முதல் மாடி என்று ஒன்று இருந்ததே எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நான் கேட்கக் கேட்க அக்கா எழுதினார். குரல் நாணில் இரண்டு பக்கமும் தடிப்பு. நான்கு மாதமாகவே கரகரப்பு. புதன்கிழமைகளில் பயிற்சி, சில சனிக்கிழமைகளில் பரிசோதனை. வகுப்பில் கத்தாமல் இருக்கத்தான் அந்தத் தலை மைக். போனில் பேச வேண்டாம் என்றதும் டாக்டர்தான். எங்கள் பதிவு ஒன்றையாவது காப்பாற்றலாம் என்று சர்ச் குழுவை முதலில் விட்டிருக்கிறார்.

"என்கிட்ட ஏன் அக்கா சொல்லல?"

அக்கா எழுதி, நோட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். சொன்னால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வாய். தவிர, நீ மூன்று தடவை சரிபார்க்காமல் எதுவும் சொல்ல மாட்டாய். அந்த அம்மாள் பாடியதை என்னால் பாட முடியவில்லை என்றால், கோளாறு என் தொண்டையில்தான் என்று நினைத்தேன்.

நான் கம்ப்யூட்டரைத் திறந்தேன். ஒன்றும் விளக்காமல், முதலில் குழந்தைக் குரலைப் போட்டேன். அப்புறம் பெண் குரல். அப்புறம் பாட்டு. கணக்குத் தெரிந்தவர், நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாட்டு முடிகிற வரை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மேல் பஞ்சமம் வந்த இடத்தில் அவர் கை தானாகத் தொடையில் தாளம் போட்டது. நான் அழுதேன். மன்னிப்பும் கேட்டேன், ஒரு தடவை அல்ல.

அக்கா நோட்டை எடுத்தார். நீ என்னைச் சந்தேகப்பட்டதுகூடப் பரவாயில்லை. அந்த மெஷினையும் கொஞ்சம் சந்தேகப்பட்டிருக்கலாம்.

மூன்று வாரம் மூன்று மாதம் ஆனது. அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. பேச்சு திரும்பிவிட்டது, கொஞ்சம் மணல் கலந்த மாதிரி. பாட்டும் திரும்பியது, ஆனால் உச்சி திரும்பவில்லை. மேல் மத்தியமம் வரை அழகாகப் போகிறது. அதற்கு மேல் டாக்டரும் விடவில்லை, தொண்டையும் விடவில்லை. வேறு பாடகியை வைத்து முடிக்கலாமே என்று ஸ்டுடியோவில் சொன்னார்கள். நான் முடியாது என்றேன். ஐந்து கட்டையில் வைத்துக்கொள்ளலாம் என்று அக்கா சொன்னார். நான் சௌகரியம் ஆராய்ச்சி என்று எதுவும் பேசவில்லை. ஐந்திலும் அந்தப் பஞ்சமத்துக்குப் போக முடியவில்லை. எனவே சரணத்தில் அந்த ஒரு இடத்தில் அக்கா நிறுத்திவிடுவார், அந்த வரியை வயலின் மேலே கொண்டுபோய் இறக்கும், அவர் மறுபடி சேர்ந்துகொள்வார். அப்படித்தான் பதிவு செய்தோம். கடைசியில் அக்கா, பழைய வழக்கப்படி, தன் பெயரையும் ஊரையும் ஒரு வரியில் சொன்னார். அதை நான் கத்தரிக்கவில்லை.

பாயின் தட்டில் இருந்து வந்த பாட்டு என்பதால் முதலில் அவருக்குப் போட்டுக் காட்டுவது என்று முடிவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவும் நானும் பம்மல் போனோம். பாய் பட்டறையை நிறுத்தச் சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பழைய பதிவையும் சரியான வேகத்தில் கேட்டார். "இதான், இதான். எங்க அத்தாவோட பாட்டுப் பொட்டில ஸ்பீடுக்கு ஒரு குச்சி இருக்கும். மொதல்ல கடசிப் பேச்சைப் போட்டு, கொரல் சரியா வர்ற வரைக்கும் அத்தத் திருப்பிட்டுதான் பாட்டு போடுவாரு" என்றார், ஏதோ எல்லா வீட்டிலும் நடப்பது போல. பிறகு எங்கள் பாட்டைக் கேட்டார். அக்காவின் பேச்சு வந்ததும், நேரே உட்கார்ந்திருந்த அவருக்கே பதில் சலாம் வைத்தார்.

"எல்லாம் நல்லா கீது மா. ஆனா அந்த மேல போற எடம் பாருங்க, கொரல் நின்னுட்டு பிடில் மட்டும் தனியா ஏறிப் போவுதே, அங்கதான் மனசு இன்னாவோ ஆவுது. பிளேட்டுல அது இல்ல. யாரு யோசனை?"

நான் வாயைத் திறக்கும் முன் அக்கா என் தோளில் கை வைத்தார். "இவ யோசனைதான் பாய். முழுக்க இவளோடது" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சத்தம் வராமல் சிரித்தார், சத்தமாகச் சிரிக்க டாக்டர் இன்னும் விடவில்லை.